அளவு சொல்லாத புகைப்படம்

1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் நாயகன் ஏந்தும் ஒளிவாளின் பிடி, பழைய கிராஃபிளெக்ஸ் புகைப்படக்கருவியின் விளக்குப் பிடியைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அதன் மாதிரியைச் செய்ய விரும்பும் கைவினைஞர்கள் பலருக்குப் புகைப்படங்களே துணை. புகைப்படம் வடிவத்தைக் காட்டும், அளவைச் சொல்லாது. எனவே, அவர்கள் முதலில் பழைய விளக்குப் பிடி ஒன்றைத் தேடி அளக்கின்றனர். எடுத்துக்காட்டாக, 40 மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதி புகைப்படத்தில் 20 மில்லிமீட்டராகத் தெரிந்தால், அதனருகில் 5 மில்லிமீட்டராகத் தெரியும் துண்டின் உண்மை அளவு 10 மில்லிமீட்டர் ஆகும்.

ஆயினும், புகைப்படக்கருவிக்கு அருகிலிருப்பது பெரிதாகவும் தொலைவிலிருப்பது சிறிதாகவும் தெரியும். கண்ணால் காண்பதும் பொய் எனும் முதுமொழி இங்கும் பொருந்தும். ஆகவே, வெவ்வேறு கோணங்களில் எடுத்த புகைப்படங்களிலும் ஒரே விடை கிடைத்த பின்னரே அவர்கள் உலோகத்தை வெட்டத் தொடங்குகின்றனர்.