மீட்டரும் ஒரு தராசே!

 

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே திருமறையில் அருளப்பட்டுள்ளது. 83 ஆவது அத்தியாயமாகிய அல்முதஃப்பிஃபீன் என்பதே அது. நபி ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களிடம் ஓரிறைக் கொள்கையை அடுத்து வலியுறுத்தியதும் அளவையின் நேர்மையைத்தான். இவற்றைக் கேட்கும்போது கடைத்தெருவின் தராசும் படியும் முழக்கோலும் நம் நினைவுக்கு வருகின்றன. வாடகைக் காரின் வேகமானியும் அந்த வரிசையில் சேர்ந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

எங்கள் எலவனாசூர்கோட்டை, சேலத்தையும் உளுந்தூர்பேட்டையையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். மேற்கே கள்ளக்குறிச்சியும் அதற்கப்பால் கல்வராயன் மலையும், கிழக்கே உளுந்தூர்பேட்டையும் இருக்கின்றன. நிக்காஹ் என்றாலும், நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதென்றாலும் பலருக்கும் வாடகைக் காரே துணை. என் மச்சானும் ஒரு பழைய அம்பாஸடரை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தவர்தாம். அதன் என்ஜினும் கியர் பெட்டியும் தேய்ந்துபோகவே, 1800 ஐஎஸ்இஸட் என்னும் பிந்தைய அம்பாஸடரில் வந்த இசுசு என்ஜினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் வாங்கிப் பொருத்தினார். ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவையும் முறைப்படி மாற்றிக்கொண்டார். கார் புதுப்பெண்போல் நடந்தது. வருமானமும் சற்றுக் கூடியது.

மூன்று வாரங்கள் சென்றன. புதுச்சேரி ஜிப்மருக்கு மாதந்தோறும் சென்று வரும் முதியவர் ஒருவர், வாடகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஏன் தம்பி, பாண்டிச்சேரி இப்போ தூரமாப் போயிடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தக் கேள்வி மச்சானை உறங்கவிடவில்லை. மறுநாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின் என்னையும் அழைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குச் சென்றார்.

நாங்கள் செய்த சோதனை எளியது, நீங்களும் செய்யலாம். முதலில் டயர்களில் உரிய அளவு காற்றை நிரப்பினோம். பிறகு ஒரு கிலோமீட்டர் கல்லில் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்துக் கற்கள் கடந்ததும் மீண்டும் பார்த்தோம். மீட்டர் 12 கிலோமீட்டர் ஓடியதாகச் சொன்னது. அடுத்து முள்ளை 60இல் நிலையாக வைத்து ஓட்டி, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 60 வினாடிகளே ஆக வேண்டும். ஆனால் 72 வினாடிகள் ஆயின. அப்படியானால் உண்மையான வேகம் 50தான். இன்று கைபேசியே செயற்கைக்கோள் உதவியால் வேகத்தைக் காட்டிவிடுகிறது. இருப்பினும் சாலையோரக் கல் சொல்லும் சாட்சியும் வலுவானதே.

ஐந்தாவது கியர் வந்ததால்தான் மீட்டர் மாறிவிட்டது என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. இத்தகைய கார்களில் மீட்டர் ஒயர், கியர் பெட்டியின் பின்புறம் சக்கரங்களை நோக்கிச் செல்லும் தண்டிலிருந்தே சுழற்சியைப் பெறுகிறது. எந்தக் கியரில் ஓடினாலும் அத்தண்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றே. அத்தண்டிலுள்ள திருகுப் பல்லும், அதனால் சுழலும் சிறு பினியனும் பெட்டிக்குப் பெட்டி வேறுபடுகின்றன. பழைய மீட்டர் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்றுகளை எதிர்பார்க்கிறதோ, புதிய பெட்டி அதைவிட மிகுதியாகச் சுற்றிக் கொடுத்தது. பின் அச்சின் பல்விகிதத்தையோ டயரின் அளவையோ மாற்றினாலும் இதே கோளாறு வரும்.

மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். "இதுக்கா கவலைப்படறீங்க பாய்? முள்ளைக் கொஞ்சம் தள்ளி வச்சிடறேன், சரியாயிடும்" என்றார். இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். ஒயரால் மீட்டரின் உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது. அது அருகிலுள்ள அலுமினியக் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதனை இழுக்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று எதிர்த்திசையில் தடுக்கிறது. இவ்விரண்டின் சமநிலையில் முள் நிற்கிறது. 1902 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை பெற்ற முறை இது. தூரத்தைக் கூட்டிக் காட்டும் எண்களுக்கோ காந்தமும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. அவை பற்சக்கரங்கள் மூலம் நேராக ஒயரோடு பிணைக்கப்பட்டவை. எனவே முள்ளைத் தள்ளி வைத்தாலும் வில்லைத் திருத்தினாலும் ஓட்டுநருக்கு வேகம் சரியாகத் தெரியலாம்; பயணியிடம் வாடகை வாங்கும் தூரமோ பொய்யாகவே தொடரும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்துப் பார்த்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டித்த நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்களில் நாம் அறிவோம். மேலே முள் சரியாகவும் உள்ளே எண்கள் தவறாகவும் இருக்கும் மீட்டர் அந்தக் குவியலைப் போன்றதன்றோ? 100 கிலோமீட்டர் பயணத்தை அது 120 என்று காட்டும். கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நோயாளியின் பையிலிருந்து 300 ரூபாய் காரணமின்றி நம் பைக்கு வந்துவிடுகிறது.

ஆகவே திருத்தத்தை வேரில் செய்ய வேண்டும். 10க்கு 12 காட்டினால், ஒயரின் சுழற்சியை ஆறில் ஐந்தாகக் குறைக்க வேண்டும். உதாரணமாக, பினியனுக்கு 15 பற்கள் இருந்தால் 18 பற்கள் உள்ளதைப் போட்டால் கணக்கு நேராகும். ஆனால் அது அதே கூட்டில் பொருந்தித் திருகுப் பல்லோடு சரியாகக் கடிக்க வேண்டும். பொருந்தாவிட்டால், கியர் பெட்டிக்கும் ஒயருக்கும் இடையே அதே விகிதமுள்ள சிறு பல்பெட்டி ஒன்றை இணைக்கலாம். மச்சானுக்குப் பினியன் அமையவில்லை; இடைப்பெட்டியே கைகொடுத்தது. மீண்டும் அதே கற்களிடையே ஓட்டிப் பார்த்தோம். பத்துக்குப் பத்து. அல்ஹம்துலில்லாஹ்!

மீட்டர் குறைத்துக் காட்டினால் ஆபத்து வேறு வகையானது. 60 என்று நம்பி 72இல் மலைப்பாதை வளைவில் திரும்புவோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆயில் மாற்றும் தவணையும் தவறிப்போகும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் 39 ஆவது வாகன ஒழுங்குமுறை. நம் நாட்டிலும் 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117 ஆவது விதி வேகமானிக்கென்றே உள்ளது.

மீட்டர் திருந்தியது, கடந்த மூன்று வாரங்களின் கணக்கு? "அறியாமல் நடந்ததுதானே" என்று உறவினர் சிலர் ஆறுதல் கூறினர். பள்ளிவாசல் இமாமோ, அறியாமை குற்றத்தை நீக்கலாம், அடியாரின் உரிமையை நீக்காது என்று விளக்கினார். மச்சான் தம் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, வாங்கிய வாடகையில் ஆறில் ஒரு பங்கைக் கணக்கிட்டார். தெரிந்தவர்களின் வீடு தேடிச் சென்று கொடுத்தார். முகவரி தெரியாதவர்களின் பங்கை அவர்கள் பெயரால் ஏழைகளுக்கு ஸதகாவாக வழங்கினார். அந்த மாதம் பெருநாள் துணி எடுக்கவும் கையில் பணமில்லை. என் சகோதரி ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. "ஹராமில் புதுசு உடுத்துறதைவிட ஹலால்ல பழசு மேல்" என்றாள்.

சகோதரர்களே! உங்கள் வாகனத்தில் கியர் பெட்டி, டயர், பின் அச்சு எதை மாற்றினாலும், முதல் பயணியை ஏற்றுமுன் பத்துக் கற்களைக் கடந்து பாருங்கள். சகோதரிகளே! வீட்டுக்கு வரும் வருமானம் காரணமின்றிக் கூடினால் மகிழ்வதற்கு முன், எங்கிருந்து வந்தது என்று அன்போடு கேளுங்கள். கல் பொய் சொல்வதில்லை. மறுமையின் மீஸானும் பொய் சொல்லாது. நம் அளவைகளை நேராக்கி, நம் உணவைத் தூய்மையாக்கி வைக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.