பூனைக்காலி நடத்திய பாடம்

நரம்பியலில் எம்.எஸ்சி. சேர்ந்தபோது சித்தி கேட்டாள்: "டாக்டரும் இல்ல, டீச்சரும் இல்ல, என்னடி படிப்பு இது?" அன்று பதில் வரவில்லை. 'டிரான்ஸ்லேஷனல் மெடிசின்' தாளைப் படித்த பிறகுதான் வந்தது: ஆய்வகத்தில் கண்டதை நோயாளியின் கட்டில்வரை கொண்டுசேர்க்கும் படிப்பு, சித்தி.

பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவையே எடுங்கள். 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இருவர் சென்னையில் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். நடுக்கத்துக்கு உதவும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? 1957-ல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்ததால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபாவைச் செலுத்தினார். முயல்கள் மறுபடி நடமாடின. 1961-ல் வியன்னாவில் நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். பலன் நீடிக்கவில்லை. 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்பவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வாய்வழியே கொடுத்த பிறகுதான் வழி திறந்தது. கார்ல்சனுக்கு நோபல் கிடைத்தது 2000-ல்.

விதையிலிருந்து நோயாளிவரை முப்பது ஆண்டு! எலி மூளைச் சீவலில் சாயம் மூன்றாவது முறையும் சரியாக ஏறாமல் நான் அழுத இரவில், இந்தக் கணக்குதான் என்னைத் தேற்றியது.

ஒரு வேண்டுகோள்: இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவரின் மாத்திரையை நிறுத்தி, பூனைக்காலிப் பொடி கொடுத்துவிடாதீர்கள். கோட்சியாஸ் கண்டுபிடித்ததே அளவைத்தான். அதை மருத்துவரிடம் விடுங்கள்.