எங்கள் வளவில் வாழ்ந்தோர்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாட் கிரியைகள் நிறைவெய்தும் வேளையில், 'கல்வெட்டு' என்னும் சிறு நூலொன்றை அச்சிட்டு உறவினர்க்கு வழங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பெயர் கல்வெட்டாயினும் அது மெல்லிய காகிதத்தில் அமைந்ததே. இறந்தவரின் ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகியவற்றை ஒரு வெண்பாவில் அடக்கி முதலில் வைப்பர். அதன்பின் குலப்பெருமை வரும்; மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எனப் பாக்கள் தொடரும். அவற்றிலே கொடையிற் கர்ணனையும் பொறுமையில் தருமனையும் ஒவ்வாத எவரையும் நான் இதுவரை கண்டிலேன். கல்வெட்டுகளை மாத்திரம் நம்பினால், எங்கள் ஊரில் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடாதவர் ஒருவரேனும் பிறந்ததில்லை என்று கொள்ள நேரும்.

எங்கள் வீட்டிலும் அத்தகைய நூல்கள் சில இருந்தன. ஆச்சியின் பெட்டகத்தில், ஓலைச் சாதகங்களுக்கும் காணி உறுதிகளுக்கும் இடையே அவை கிடந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே பெயர்ந்தபோது பெட்டகத்தை விட்டுச் சென்றோம். அடுத்த ஆண்டு சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையுமில்லை, உள்ளே பெட்டகமுமில்லை. திதி வெண்பாக்கள் அவ்வாறு போயின. ஆயின் அவ்வெண்பாக்களில் இடம் பெறாதவை என் நினைவில் உள்ளன. அவற்றை அறிந்தவருள் இன்று எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே ஆதலின், இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்களது செம்மண் ஊர். அம்மாவின் தந்தையாரை நாங்கள் அப்பு என்றே அழைப்போம். அவர் புகையிலைக் கமக்காரர். அக்காலத்திலே யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவாங்கூர் பெருஞ்சந்தையாக இருந்தது. கன்று நட்டு, நாடோறும் நீர் இறைத்து, தலை முறித்து, இலை வெட்டி, குடிலில் இட்டுப் புகையூட்டிப் பாடம் செய்யும் வரையில் வீட்டில் ஒருவர்க்கும் ஓய்வில்லை.

இறைப்பு என்பதை இன்றைய பிள்ளைகள் அறியார். கிணற்றருகே இரண்டு ஆடுகால்கள் நிற்கும். அவற்றின்மேல் நீண்ட துலா பொருந்தியிருக்கும். விடியுமுன் ஒருவர் அத்துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடக்க, மற்றொருவர் கிணற்று வாயிலிலே நின்று துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையைத் தாழ்த்தி நீரை அள்ளி வாய்க்காலிற் கவிழ்ப்பார். பாத்திகளுக்கு நீரைத் திருப்பி விடுவது சிறுவர் வேலை. மேலே நடப்பவர் கைப்பிடியுமின்றி ஒரு மரத்தின்மேல் நடக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்புவின் தம்பியார் அவ்வாறு நடந்தவரே. ஒரு மார்கழி விடியலிலே பனியில் நனைந்திருந்த துலாவிலிருந்து வழுக்கி விழுந்தார். மூன்றாம் நாள் இறந்தார். அவருக்கு வயது இருபதும் ஆகவில்லை. அவ்விடியலிலே துலாக்கொடியைப் பிடித்து நின்றவர் அப்பு. அன்று முதல், தாமே முதலில் ஏறித் துலாவைச் சீலையால் துடைத்து உலர்த்திய பின்பே அப்பு பிறரை ஏறவிடுவார். ஐம்பதுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் ஊருக்கு வந்தபோது, 'கிணறு வற்றிவிடும், பயிர் எண்ணெய் மணக்கும்' என்று முதியோர் பலரும் பழித்தனர். அப்பு ஒருவரே மறுபேச்சின்றி நகையை ஈடுவைத்து ஒன்றை வாங்கினார். ஊரார் அவரைப் புதுமை விரும்பி என்றனர். துலாவைக் கழற்றி இறக்கிய அன்று அவர் சாப்பிடாதிருந்ததை அம்மா கண்டிருக்கிறார். 1958ஆம் ஆண்டு மாசியில் அவர் காலமானார். கடைசியாகக் கேட்டது, கன்றுகளுக்குத் தலை முறித்தாயிற்றா என்பது.

ஆச்சி எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களுள் நால்வர் இரண்டு வயதை எட்டுமுன்னரே இறந்தனர். மாந்தம் என்றும் கணை என்றும் காய்ச்சல் என்றும் காரணம் சொல்வார்கள். அக்காலத்தில் அது பெரிய செய்தியன்று. எங்கள் ஒழுங்கையில் பிள்ளை சாகாத வீடு இருந்ததாக நான் அறியேன். பச்சிளங் குழந்தைகளுக்கு அந்தியேட்டியில்லை, கல்வெட்டில்லை, திவசமில்லை. ஆயினும் யாரேனும் எத்தனை மக்கள் என்று கேட்டால், ஆச்சி 'எட்டு' என்றே விடை கூறுவார். 'இருப்பது எத்தனை?' என்று கேட்டவர்க்கு மாத்திரம் 'நாலு' என்பார். பின்னாளில் அது 'மூன்று' ஆயிற்று, 'இரண்டு' ஆயிற்று. கார்த்திகை விளக்கீட்டன்று கிணற்றடிப் பாதையோரம் எட்டுச் சிட்டிகளில் எண்ணெயூற்றி ஏற்றுவார். காற்றில் ஒன்று அணைந்தால் எங்களை ஏற்ற விடார். தாமே போய் ஏற்றுவார்.

வளர்ந்த நால்வருள் மூத்தவர் மூத்தம்மான். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர் பலரைப் போலவே அவரும் 1928இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர் உத்தியோகம். எங்கள் மண்வீடு கல்வீடானது அவர் அனுப்பிய பணத்தினாலேயே. 1936இல் ஒருமுறை விடுமுறையில் வந்தார். அப்போது கொண்டுவந்த பெரிய பீங்கான் கோப்பை ஒன்று நான் சிறுவனாயிருந்த காலத்திலும் இருந்தது. 1942 ஆவணியில் அவருக்குத் திருமணம் என்று பெண்ணும் பேசி வைத்திருந்தார்கள். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தபால் நின்றது.

நான்காண்டுகள் ஒரு சொல்லும் இல்லை. போர் முடிந்தபின், 1946இல், உடன் வேலை பார்த்த ஒருவர் ஊர் திரும்பினார். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீற்றர் இருப்புப் பாதைக்கு அம்மானையும் கொண்டுசென்றனர் என்றும், அங்கே கழிச்சலிலே பலர் இறந்த ஒரு முகாமில் அவரும் இருந்தார் என்றும் அவர் சொன்னார். இறந்ததை நேரிற் கண்டீரா என்று ஆச்சி கேட்டார். இல்லை என்றார் வந்தவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, உயிரோடிருக்கும் பிள்ளைக்குக் கிரியை செய்யலாகாது என்று ஆச்சி பதினெட்டு ஆண்டுகள் மறுத்துவிட்டார். அப்பாதையிலே இறந்த வெள்ளைக்காரச் சிறைவீரர்க்குக் காஞ்சனபுரியிலே பெயர் பொறித்த கற்கள் வரிசையாக உள்ளன. அவர்களிலும் மிகப் பலராய் மாண்ட தமிழர் முதலிய ஆசியத் தொழிலாளர்க்கு அவ்வாறு பெயர் பொறித்தார் எவருமிலர். எங்கள் அம்மானுக்குரிய கல் அந்தப் பீங்கான் கோப்பை ஒன்றுதான்.

அடுத்தவர் இளையம்மான். ஊரிலே பரப்புக் கணக்கிற் பிரிந்து சிறுத்த காணியை நம்பாமல் இரணைமடுக் குளத்தின் கீழ்க் கிளிநொச்சியிலே காடு வெட்டச் சென்றார். வன்னி என்றாலே குலைப்பன் காய்ச்சல் என்று ஊரார் அஞ்சிய காலம் அது. 1934, 35ஆம் ஆண்டுகளில் தென்னிலங்கையிலே மூண்ட மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டிருந்தனர். அம்மான் கொயினாவையும் குடித்தார், காட்டையும் வெட்டினார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வரும்போது முன்னையிலும் மஞ்சளித்து, வயிற்றிலே கட்டி பருத்து வந்தார். 1938இல் வரவில்லை. இன்று, 2016இல் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிவிட்டது. அவர் வெட்டிய வயலிலே அவருடைய பேரன் விதைக்கிறான்; 2009இன் பின் அவனும் மீண்டுமொருமுறை பற்றை வெட்டியே தொடங்கினான்.

பெரியம்மாவைப் பற்றி எழுதத்தான் இத்தனையும் எழுதினேன் போலும். 1940ஆம் ஆண்டு, தலைப்பிள்ளைக்கு. மருத்துவிச்சி ஒரு பகலும் ஓரிரவும் முயன்றபின் கைவிரித்தார். வைக்கோல் பரப்பிய திருக்கல் வண்டியிலே பிள்ளைத்தாய்ச்சியைக் கிடத்தி, இணுவில் வைத்தியசாலைக்குப் புறப்பட்டனர். இரவு. அப்பு இலாந்தரைப் பிடித்து வண்டிக்கு முன்னே ஓடினார். பாதி வழியில் ஒரு வேப்பமரத்தின் கீழே வண்டியிலேயே பிள்ளை பிறந்தது. தாய் அங்கேயே ஓய்ந்தாள். வண்டியை அவ்விடத்திலேயே திருப்பினர். பிறந்த பிள்ளையை அப்பு தம் சால்வையிற் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தே வந்தார். வண்டியில் ஏற மறுத்துவிட்டாராம்.

இலங்கையிலே ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த ஆண்டு மரண வீதம் 1946இலிருந்து 1947க்குள் 14 அளவுக்கு இறங்கியது என்று படித்திருக்கிறேன். வைத்தியசாலைகளும் பயிற்சி பெற்ற மருத்துவத் தாதியரும் டி.டி.ரீ. மருந்தும் கிராமங்களை எட்டியமையே காரணம் என்பர். பெரியம்மா ஏழாண்டுகள் முந்திவிட்டார்.

அந்தப் பிள்ளையை ஆச்சி ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தார். எனக்கு மூத்த அந்த அக்காவும் நானும் ஒரே பாயிற் படுத்து வளர்ந்தோம். என் தகப்பனார் நான் சிறுவனாயிருந்தபோதே காலமானார். அவர் வேறூரார், அவர் கதை அவ்வூர்க்குரியது.

ஆச்சியின் முடிவு 1964 டிசம்பரில். 22ஆம் நாளிரவு தனுஷ்கோடியை அழித்த அதே புயல் எங்கள் வடபகுதியையும் அடித்தது. எங்கள் வளவிலே பனைகள் முறிந்தன. அடுக்களைக் கூரை பறந்தது. நனைந்த பாயில் ஒடுங்கிக் கிடந்த ஆச்சி 24ஆம் நாள் விடியலில் அடங்கினார். ஊரெங்கும் ஈரம், தகனத்துக்கு உலர்ந்த விறகில்லை. நாங்கள் ஒன்றும் கேளாமலே, ஒழுங்கையிலிருந்த வீட்டார் தத்தம் பரணிலே மழைக்காலத்துக்கென்று சேமித்திருந்த கொக்கரையையும் மட்டையையும் பாளையையும் தலையிற் சுமந்து வந்தனர். தங்கள் கூரையை இழந்தவரும் வந்தனர். அவ்வாரம் அவர்களுடைய அடுப்பு எவ்வாறு எரிந்ததென்று இன்றும் எனக்குத் தெரியாது. மூத்தம்மானுக்குப் பேசிவைத்திருந்த அம்மையாரும், இரு மக்களோடு வந்து வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனார்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு நான் கீரிமலைக்குச் சென்றேன். திதி தெரியாதவர்க்கு அமாவாசையே திதி என்று குருக்கள் கூறினார். மூத்தம்மானின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தேன். வீட்டிலே அம்மா காத்தோட்டிக்காய்க் கறி சமைத்து இலை போட்டார். ஆனால் அந்தப் பீங்கான் கோப்பையை எடுத்து ஒளித்துவிட்டிருந்தார்.

அம்மா 76 வயதிலே, 1995 டிசம்பரில், கொடிகாமத்திலே பிறர் வீட்டு விறாந்தையில் இறந்தார். செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் மழையில் நடந்து கடந்த களைப்பிலிருந்து அவர் எழுந்திருக்கவேயில்லை. வீட்டுத் திறப்பை முந்தானையில் முடிந்திருந்தார். கீரிமலை அப்போது நாங்கள் எட்டவியலாத இடமாயிருந்தது. கச்சாய்க் கடனீரேரியிலே சாம்பலைக் கரைத்தோம். இடம்பெயர்ந்த இன்னொரு குடும்பமும் அதே வேளையில் அங்கே நின்றது. இரு குடும்பத்துக்கும் ஒரே ஐயர், ஒரே தருப்பைக் கட்டு.

அக்கா இப்போது ரொறன்ரோவில் மக்களோடு இருக்கிறார், எண்பத்தைந்தை எட்டிவிட்டார். தொலைபேசியில் அவர் கேட்பது ஒன்றுதான்: 'தம்பி, அம்மா எப்பிடியிருப்பா எண்டு ஆச்சி உனக்கு ஏதும் சொன்னவவோ?' ஒளிப்படம் ஒன்றும் இல்லை. நடந்தால் அரவம் கேளாது, சிரித்தால் கிணற்றடி வரைக்கும் கேட்கும் என்று ஆச்சி சொன்னதை நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதன்முறை கேட்பவர் போலவே கேட்பார்.

அண்மையில் அவருடைய பேரன் ஊருக்கு வந்தான். தமிழைச் சிரமப்பட்டு, ஆனால் திருத்தமாகப் பேசுகிறான். வண்டி திரும்பிய இடத்தைக் காட்டுமாறு கேட்டான். வேப்பமரம் வீதி அகலித்தபோது போய்விட்டது. அவ்விடத்திலே இப்பொழுது துவிச்சக்கரவண்டி திருத்தும் கடையொன்று உள்ளது. பையன் வீதியோரத்தில் நின்று நிலத்தைப் படம் பிடித்தான். கடைக்காரர் சற்று நேரம் பார்த்திருந்து, "என்ன தம்பி, காணி வாங்கப் போறியளோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. என்ர பூட்டி இதிலைதான் செத்தவா. அம்மம்மா இதிலைதான் பிறந்தவா" என்றான் அவன்.

கடைக்காரர் கையை எண்ணெய்த் துணியில் துடைத்துவிட்டு, உள்ளே சென்று ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தார்.