விடுவதா, தடுப்பதா?

ஆங்கிலத்திலே ஒரு சிறு வினைச்சொல் உண்டு: ‘லெட்’. மூன்றே எழுத்து. ‘விடு’, ‘இசைவு கொடு’ என்று பள்ளியிலே பொருள் சொல்லித் தருகிறார்கள். உண்மைதான். ஆனால் தோழர்களே, அந்தச் சின்னஞ்சிறு சொல்லுக்குள்ளே ஒரே கூரையின்கீழ் இரு பகைவர் குடியிருந்த கதை இருக்கிறது!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலே இவை இருவேறு சொற்கள். ‘லேட்டன்’ என்றால் விடுதல். ‘லெட்டன்’ என்றால் தடுத்தல், தாமதப்படுத்தல். நாம் அன்றாடம் சொல்லும் ‘லேட்’டின் உறவுக்காரன் அது. காலம் இரண்டையும் தேய்த்து ஒன்றாக்கிற்று. விளைவு? வழி விடுவதும் ‘லெட்’. வழி மறிப்பதும் ‘லெட்’! ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், தன்னைத் தடுப்போரை எச்சரிக்கும்போது தடுத்தலுக்கு இச்சொல்லையே ஆள்கிறான். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் அப்பொருள் உண்டு.

இன்று தடுக்கும் பொருள் வழக்கிழந்துவிட்டது. எச்சங்கள் மட்டும் உண்டு. டென்னிஸிலே, ஆட்டத்தைத் தொடங்கும் பந்து வலையை உரசி உரிய கட்டத்தில் விழுந்தால், ‘லெட்’ என்று கூறி மீண்டும் அடிக்கச் சொல்கிறார்களே, அது ஒன்று. இந்தியக் கடவுச்சீட்டைப் புரட்டுங்கள். அதை உடையவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு குடியரசுத் தலைவர் பெயரால் வேண்டும் வாசகத்திலும் ‘லெட்’ தடையாகவே நிற்கிறது.

அகராதியிலே வழக்கிழந்த பொருள், தெருவிலே வழக்கிழந்ததா? சென்னையிலே வாடகை வீடு தேடி அலைந்த நாளில், ‘டு லெட்’ என்ற பலகை கண்டு ஒரு வாயிலில் ஏறினேன். வாடகை சொன்னார், இசைந்தேன். முன்பணம் சொன்னார், இசைந்தேன். “எந்த ஊர்?” என்றார். ஊரைச் சொன்னேன். “ஊரிலே எந்தத் தெரு?” என்றார். தெருவைச் சொன்னேன். “வீடு நேற்றே முடிந்துவிட்டதே!” என்றார். மறுவாரமும் அந்தப் பலகை அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. விடுவதற்கு மாட்டிய பலகை தடுப்பதற்குத் தொங்கிற்று. 1950-இலேயே அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. வாயிற்படிக்குத்தான் செய்தி எட்டவில்லை!

‘விடு’ என்னும் வினை நீண்டே ‘வீடு’ என்னும் பெயர் ஆயிற்று என்பது நம் இலக்கணம். விடுதலையும் வீடும் ஒரு வேரிலே கிளைத்தவை. அந்த வீட்டின் வாயிலிலே சாதியைக் காவல் நிறுத்துவது வீட்டுக்கே இழிவு அல்லவா?

இன்னுமொன்று. ‘லெட் அஸ் கோ’ என்று வழி மறித்தவனிடம் சொன்னால், ‘எங்களைப் போக விடுங்கள்’ என்று பொருள். தோழனிடம் சொன்னால், ‘நாம் போவோம்’ என்று பொருள். ஆங்கிலம் ஒரு தொடரிலே அடக்கியதைத் தமிழ் ‘எங்களை’ என்றும் ‘நாம்’ என்றும் பிரித்துக் காட்டுகிறது. முன்னது மனு, பின்னது முடிவு. வாயில்தோறும் நின்று மனுப் போட்டது போதும். முடிவெடுக்க வேண்டியவர்கள் நாம்!

இளைஞர்களே! நாளை உங்கள் வீட்டிலும் ஒரு பலகை தொங்கும். வந்தவரிடம் வாடகையைப் பேசுங்கள், தெருவைக் கேட்காதீர்கள். உங்கள் பெற்றோர் கேட்டால், அங்கேயே, அப்போதே மறுத்துப் பேசுங்கள். சொல்லுக்குப் பொருள் தருவது அகராதி அன்று, நம் செயல்!