ஞானப்பல்லும் நான் மறைத்த மாத்திரையும்



இரண்டு மாதமாக டீச்சரைக் காணோமே என்று பலர் போனில் கேட்டீர்கள். இப்போது நலமாக இருக்கிறேன். கீழ்வரிசையில் வலது கடைசியில் கிடந்த ஞானப்பல்லை எடுத்தாகிவிட்டது. அதை எடுக்கப் போய் நான் தலைகுனிந்து நின்ற கதை இது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் என் மகளுக்குச் சென்னையில் இதே பல்லை எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டாக்டர் இப்யூபுரூஃபன் மாத்திரை ஒன்று கொடுத்தார். ராத்திரி அவள் சிரித்துக்கொண்டே ரசம் சாதம் சாப்பிட்டாள். வலி வருமுன் மாத்திரை போட்டால் போதும் என்று என் மனதில் பதிந்துவிட்டது.

எனக்குப் பல்வலி வந்தபோது, கள்ளக்குறிச்சியில் டாக்டரைப் பார்க்க ஒரு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதுவரை தாங்க வேண்டுமே! கடையில் செட் மாத்திரை வாங்கி, காலையும் ராத்திரியும் போட்டேன். பெயர் பாதி கிழிந்த அட்டை. டைக்ளோஃபினாக் என்று பிறகுதான் தெரிந்தது. போகிற அன்று, மகளைப் போல நாமும் முந்திக்கொள்வோம் என்று வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு இரண்டைப் போட்டுக்கொண்டு கரியாலூரில் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் போய்ச் சேர்வதற்குள் வயிறு எரிந்து குமட்டியது. மலைப்பாதை வளைவுதான் காரணம் என்று நினைத்தேன்.

டாக்டர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை. எழுந்து நின்று வரவேற்றாள். "மாத்திரை ஏதாவது போட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"பிரஷர் மாத்திரை மட்டும்தாம்மா" என்றேன்.

பொய். கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள் என்று எத்தனை பெற்றோரைக் கடிந்திருப்பேன்! அந்த வெட்கம்தான் வாயைக் கட்டியது. பிரஷர் பார்த்தாள், எகிறியிருந்தது. கண்ணாடியை எடுக்கப் பையைத் திறந்தேன். அட்டை கீழே விழுந்தது. அவளே குனிந்து எடுத்தாள். திட்டவில்லை. "எத்தனை நாளா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை எப்படி நிற்கும் என்று 34 வருடம் பார்த்தவள் நான். அன்று நானே அப்படி நின்றேன்.

அடுத்து அவள் கேட்டது, "மலம் கறுப்பா போகுதா?" இரண்டு நாளாகப் போனது, கீரை சாப்பிட்டதால் என்று விட்டிருந்தேன். பல்லைத் தொடாமல், அப்போதே பொது மருத்துவரிடம் அனுப்பினாள். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண், ரத்தக் கசிவு. மூன்று நாள் படுக்கை. அன்று நான் உண்மையை மறைத்தபடியே பல்லைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

பிறகு அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். தசை வெட்டுப்பட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து வலியையும் வீக்கத்தையும் கூட்டுகிறது. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை அதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் வேலை செய்வதும் இப்படித்தான் என்று 1971ல் காட்டியவர் ஜான் வேன். 1982ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் பார்த்துக்கொள்கிறது. வலியைத் தடுக்கும்போது அந்தக் காவலும் போய்விடுகிறது. பிரஷரும் ஏறலாம்.

மகளுக்கு ஏன் முன்னாடியே கொடுத்தார்கள்? மாத்திரை ரத்தத்தில் கலக்க அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். மரப்பு தெளிவதற்குள் அது வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பல்லை எடுத்தபின், மரப்பு தெளியுமுன் போட்டாலும் பலன் உண்டாம். ஆகவே வீட்டிலேயே முந்திக்கொள்ள அவசியமே இல்லை. மகள் இளவயது, வேறு நோய் இல்லை, டாக்டர் கேட்டறிந்து கொடுத்தார். எனக்கு வயது, பிரஷர், வெறும் வயிறு. அவளுக்கு மருந்தானது எனக்கு நஞ்சானது.

புண் ஆறி ஆறு வாரம் கழித்துத்தான் பல்லை எடுத்தாள். எனக்கு வெறும் பாரசிட்டமால், அதுவும் மரப்பு தெளியுமுன், மணி பார்த்து. முதல் ராத்திரி கொஞ்சம் வலித்தது. தாங்கினேன்.

நம் மலையில் ஒரு மாணவனின் அம்மா, மூட்டுவலிக்கு வருடக்கணக்கில் செட் மாத்திரை விழுங்கியவர். கடைசியில் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை மலை இறங்கினார். அவர் முகம் அந்த மூன்று நாளும் என் கண்முன் இருந்தது.

பிள்ளைகளே, பல் பிடுங்கப் போகுமுன் நீங்களாக எந்த வலி மாத்திரையும் போடாதீர்கள். போட்டிருந்தால் அட்டையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், பிரஷர் எதுவானாலும் முதலில் சொல்லுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களின் பையையும் ஒருமுறை பாருங்கள். எங்களுக்குச் சொல்ல வெட்கம்.

பல் போய்த்தான் எனக்கு ஞானம் வந்தது. உங்களுக்கு இந்தப் பதிவைப் படித்தே வரட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், கரியாலூர்