சக்கரவர்த்தி மறுத்த பதக்கம்

பெர்லின் மாநகருக்குச் செல்கிறவர்கள் அரண்மனைகளையும் வெற்றித் தூண்களையும் பார்த்துத் திரும்புவது வழக்கம். நாம் முதலில் நாடிச் சென்றதோ, ப்ரென்ஸ்லவர் பெர்க் என்னும் பகுதியிலுள்ள ஒரு சிறு சதுக்கத்தை. கேத்தே கோல்விட்ஸ் அம்மையார் 1891 முதல் 1943 வரை அதன் அருகில்தான் வசித்தார். இன்று சதுக்கமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அக்காலத்தில் அது தொழிலாளர் பேட்டை. வெளிச்சம் எட்டாத பின்கட்டு அறைகளில் ஜனங்கள் நெருங்கி வாழ்ந்தனர். அம்மையாரின் கணவர் அவர்களுக்கு வைத்தியம் செய்த டாக்டர். அவரை நாடி வந்த ஸ்திரீகள் அம்மையாரிடமும் தங்கள் துயரைக் கொட்டினார்கள். அந்த முகங்களே அவருடைய சித்திரங்களாயின.

வர்ணப்படம் ஒரு தனவந்தரின் சுவரோடு நின்றுவிடும். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, திராவகத்தில் அரிக்கவிட்டு, மை தடவிக் காகிதத்தில் அழுத்தினாலோ, ஒரே சித்திரம் பல பிரதிகளாகிப் பலர் கைக்கும் எட்டும். ஏழையின் கதைக்கு ஏற்ற கலை அல்லவா இது!

சிலேசியா நெசவாளர்கள் 1844-இல் கொதித்தெழுந்ததை நினைவூட்டும் ஆறு சித்திரங்களை 1898-இல் அவர் காட்சிக்கு வைத்தார். முதற்படத்தில், சாகக் கிடக்கும் குழந்தையின் அருகே ஒரு தாய் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். தங்கப் பதக்கம் தரலாம் என்றனர் நடுவர்கள்; கூடாதென்று மறுத்தார் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம். 1906-இல், வீட்டிலிருந்தே கூலி வேலை செய்து களைத்த ஒரு ஸ்திரீயின் முகத்தை விளம்பரப் படமாக எழுதினார். அதை அகற்றினாலன்றிப் பொருட்காட்சிக்கு வர இயலாது என்றார் சக்கரவர்த்தினி! பசியை அல்ல, பசியின் படத்தைக் கண்டே அரண்மனை அஞ்சியது.

பணத்தின் மதிப்பு சரிந்து ஜனங்கள் தவித்த 1923-இல், வெறுங் கிண்ணங்களை உயர்த்தி நிற்கும் குழந்தைகளைக் கல்லச்சில் வரைந்தார். அந்தக் கண்களை எதிர்கொள்வது எளிதன்று.

அவர் வாழ்ந்த வீடு 1943-இல் குண்டுவீச்சில் அழிந்தது. இன்று சதுக்கத்தைச் சுற்றிக் காப்பிக் கடைகள்; சனிக்கிழமைச் சந்தையில் விலையுயர்ந்த பண்டங்கள். அம்மையாரின் வெண்கலச் சிலைமீது குழந்தைகள் ஏறி விளையாடுகின்றனர். வாடகை ஏற ஏற, ஏழைகள் வேறு பேட்டைகளுக்குப் போய்விட்டார்கள்.

மாலையில் அவருடைய சித்திரசாலையைக் காணச் சென்றோம். 2022 முதல் அது எங்கே இருக்கிறது தெரியுமா? பதக்கத்தை மறுத்த அதே அரச வம்சத்தின் சார்லொட்டன்பர்க் அரண்மனையில், பழைய நாடகக் கட்டிடத்தில்! அந்த நெசவாளித் தாய்க்கு அரண்மனை வாயில் திறந்துவிட்டது, காகிதத்தில். உயிரோடு நிற்கும் தாய்க்கு எந்த வாயில் திறந்திருக்கிறது என்று எண்ணியவாறே வெளியே வந்தோம்.