பூண்டுக்கு ஒரு சாதிச் சான்றிதழ்!

கொடைக்கானலுக்கு ஹனிமூன் போவார்கள். குணா குகை பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு நாயின் வாய்க்குள் பஞ்சுக் குச்சி விட!

சிரிக்காதீர்கள் சார், விஷயம் சீரியஸ். நாயுடுபுரத்தில் வாடகைக்கு இருக்கும் என் நண்பனுக்கு வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார். ஒன்று, நாய் போக வேண்டும். இல்லை, நண்பன் போக வேண்டும்.

நண்பன் என்னோடு பி.காம். படித்தவன். நான் டெபிட், கிரெடிட்டை உதறிவிட்டுப் பேனா பிடித்தேன். அவன் உதறாமல் கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் கணக்கு எழுதுகிறான். 2024 ஜூன் மாதம் போன் பண்ணினான். ‘‘டேய், உடனே கிளம்பி வா. நாயைப் பிடிக்க ஒரு ஆள், குச்சி விட ஒரு ஆள் வேணும்.’’

பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி விடிவதற்கு முன் கொடை ரோட்டில் இறங்கினேன். வத்தலக்குண்டு போய் பஸ் பிடித்தேன். கார்காரர்கள் அந்த மே 7-ம் தேதியிலிருந்து இ-பாஸ் எடுத்துக்கொண்டு மலையேற வேண்டியிருந்தது. பஸ்ஸில் போகிறவனுக்கு அந்தத் தலைவலி இல்லை, வேறு தலைவலிதான். கொண்டை ஊசி வளைவுகளில் பக்கத்து சீட் பையன் என் மடியிலேயே குடியிருந்தான். பெருமாள் மலை தாண்டியதும் எல்லோரும் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்கள்.

நாயுடுபுரம், டூரிஸ்ட் பார்க்கிற கொடைக்கானல் இல்லை. குதிரை சவாரி கிடையாது, ஹோம் மேட் சாக்லேட் போர்டும் குறைவு. சரிவில் அடுக்கி வைத்த மாதிரி வீடுகள். இந்த வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டுக் கூரை கண்ணுக்கு நேரே தெரியும். மத்தியானம் மூன்று மணிக்குப் பனி இறங்கி, காயப்போட்ட துணியை மறுபடியும் நனைத்துவிட்டுப் போகும்.

நாயின் பெயர் பூண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், பூண்டு மூட்டைகளை மூடியிருந்த தார்ப்பாய்க்கு அடியில் கால் ஒடிந்து கிடந்தது. நண்பன் தூக்கி வந்து கட்டுப் போட்டு, தடுப்பூசி போட்டு, ஓட்டல் மிச்சத்தில் வளர்த்தான். இப்போது செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூக்கு, அகல நெஞ்சு. ஒரு காது நட்டுக்கொண்டு நிற்கும். இன்னொன்று ‘நமக்கென்ன’ என்று மடிந்து கிடக்கும்.

இது என்ன சாதி? அதுதான் ஊர்ப் பிரச்னை.

டீக்கடைக்காரர், ‘‘கோம்பைங்க, சந்தேகமே இல்ல!’’ என்றார். தேனி மாவட்டத்துக் கோம்பை இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. அந்த ஊர் நாய்க்கும் கறுத்த மூக்குதான். எதிர் வீட்டு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர், ‘‘அல்சேஷன் கிராஸ்’’ என்றார். பேக்கரி அண்ணாச்சியோ, ‘‘வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன நாயோட வம்சம் தம்பி’’ என்று ஒரே போடாகப் போட்டார். வீட்டுக்காரர் மட்டும், ‘‘பிட்புல்!’’ என்றார்.

அவர் கையில் பேப்பர் கட்டிங் இருந்தது. 2024 மார்ச் 12-ம் தேதி மத்திய அரசு, மாநிலங்களுக்கெல்லாம் ஒரு கடிதம் எழுதியது. பிட்புல், ராட்வைலர் என்று 23 வகை நாய்களை இறக்குமதி செய்யக் கூடாது, இனப்பெருக்கம் செய்யக் கூடாது, விற்கக் கூடாது என்று. கூடவே ‘இவற்றின் கலப்பினங்களும்’ என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் மாட்டியது பூண்டு.

‘‘ஏப்ரல் மாசமே கர்நாடக ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிட்டாங்க, அண்ணே. சம்பந்தப்பட்டவங்களைக் கேக்காம போட்டது செல்லாதுன்னு...’’

‘‘கோர்ட் சொன்னது நாய்க்குத் தெரியுமா, தம்பி?’’

பதில் இல்லை. வீட்டுக்காரர் வில்லனும் இல்லை. ஸ்கூல் லீவு விட்டால் அவருடைய பேரன் மதுரையிலிருந்து வருவான். ஐந்து வயசு. நாய் நின்றால் அதன் மூஞ்சி அவன் கழுத்துக்கு வரும். எந்தத் தாத்தாவுக்கும் பயம் வரத்தான் செய்யும். ‘‘இது பிட்புல் இல்லைன்னு பேப்பர்ல காட்டுங்க, நான் வாய மூடிக்கிறேன்’’ என்று அவரே வழியும் சொன்னார். அதனால்தான் டி.என்.ஏ. டெஸ்ட். செலவை நானும் நண்பனும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். தொகையைச் சொன்னால் என் வீட்டில் வேறு பிரச்னை கிளம்பும்.

டெஸ்ட் எளிதுதான். சாப்பாடு வைக்காமல் அரை மணி நேரம் நிறுத்தி, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, குழாயில் போட்டு மூடி, தபாலில் அனுப்ப வேண்டும். கிட்டோடு வந்த பேப்பரில் இரண்டு வரி. நாங்கள் எடுத்துக்கொண்டது முக்கால் மணி நேரம். முதல் குச்சியைப் பூண்டு தின்றுவிட்டது. நல்லவேளை, லேப்காரர்கள் இரண்டு குச்சி வைத்திருந்தார்கள். நம்மைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார்கள்!

சாயங்காலம் பூண்டையும் கூட்டிக்கொண்டு குறிஞ்சி ஆண்டவர் கோயில் வரை நடந்தோம். செட்டியார் பூங்காவும் இந்தப் பக்கம்தான். அந்தக் கோயிலைக் கட்டியது யார் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து இந்துவாக மாறிய லீலாவதி அம்மையார். 1936-ல். பனி விலகியபோது பழனி மலை தெரிந்தது. ஒரு ஆஸ்திரேலியப் பெண்மணி கட்டிய கோயிலிலிருந்து பழனி முருகனுக்குக் கும்பிடு போட்டேன்.

யோசித்தால், இந்த ஊரே கலப்புதான். ஏரி இயற்கை ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உண்டாக்கியது. யூகலிப்டஸும் பைனும் வாட்டிலும் கடல் தாண்டி வந்தவை. பேரிக்காயும் சீமைச் சரக்கு. ஊரில் நாய் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டுமாம்! (மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. எங்கள் பூண்டுக்குத்தான் பேப்பர் இல்லை.)

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களில் கொஞ்சம் படித்தேன். நாய்க்கு 78 குரோமோசோம்கள். பாதி அப்பன், பாதி ஆத்தாள். டாஷா என்ற பாக்ஸர் நாயின் மரபணு வரிசையை 2005-ல் முழுசாகப் படித்து வெளியிட்டார்கள். 2007-ல் கலப்பு நாய்களுக்கு வீட்டிலிருந்தே அனுப்பும் டெஸ்ட் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. பெரிய லேப்களில் ஒரு நாயின் மரபணுவில் இரண்டு லட்சம் இடங்களுக்கு மேல் பார்த்து, கையில் இருக்கும் இனங்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். நம் பேங்க் ரீகன்ஸிலியேஷன் மாதிரிதான். ஒரு சிக்கல்: பட்டியலில் இல்லாத இனத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பாஸ்புக்கில் இல்லாத என்ட்ரியை எதோடு டிக் அடிப்பது?

பேக்கரி அண்ணாச்சியின் வெள்ளைக்காரன் தியரியையும் கணக்குப் போட்டேன். காமர்ஸ் படித்தவர்களுக்குப் புரியும், இது ‘ரிட்டன் டவுன் வேல்யூ’ முறையில் 50 சதவிகிதத் தேய்மானம். அப்பாவிடமிருந்து 50, தாத்தாவிடமிருந்து 25, கொள்ளுத் தாத்தாவிடமிருந்து 12.5. பத்தாவது தலைமுறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1900-ல் ஒரு துரை ஒரு நாயை அவிழ்த்து விட்டிருந்தாலும், நாய்த் தலைமுறைக்கு மூன்று வருஷம் வைத்தால் இன்றைக்கு நாற்பது தலைமுறை ஆச்சு. ஸ்க்ராப் வேல்யூ கூடத் தேறாது!

மூஞ்சியைப் பார்த்துச் சாதி சொல்வதன் லட்சணத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் விக்டோரியா வாய்த் என்ற கால்நடை டாக்டர், தத்து எடுத்த 20 நாய்களை வைத்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்காரர்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன இனமும் டி.என்.ஏ.வில் வந்த இனமும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. அனுபவசாலிகளுக்கே அந்தக் கதி. டீக்கடையைக் குறை சொல்லி என்ன பண்ண?

ஜூலைக் கடைசியில் ரிப்போர்ட் என் ஈமெயிலுக்கு வந்தது. வீட்டுக்காரருக்குப் ‘பேப்பர்’ வேண்டுமே! பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஆகஸ்ட்டில் மறுபடி மலையேறினேன்.

நண்பன் கை நடுங்கப் பிரித்தான். பிட்புல் இல்லை. அல்சேஷன் இல்லை. எந்தச் சீமை நாயும் இல்லை. ஒரே ஒரு வரி: ‘தென்னாசிய கிராம நாய்.’

‘‘அவ்வளவுதானா? தெரு நாயா?’’ நண்பன் முகம் விழுந்துவிட்டது. பிட்புல்லாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டவன்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ராஜபரம்பரையை எதிர்பார்த்திருக்கிறான், பாவி.

‘‘டேய், கிராஸே இல்லடா இது!’’ என்றேன். கார்னெல் பல்கலைக்கழகத்து ஆடம் பாய்க்கோ குழு 38 நாடுகளில் 549 கிராமத்து நாய்களின் மரபணுவைப் பார்த்து 2015-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. பல நாடுகளில் ஊர் நாய்கள் ஐரோப்பிய நாயோடு கலந்துவிட்டன. இந்தியா, வியட்நாம், எகிப்து மாதிரி சில இடங்களில் அந்தக் கலப்பு ஏறக்குறைய இல்லை. லண்டன் கென்னல் கிளப் 1873-ல்தான் ஆரம்பம். நாம் ‘ஜாதி நாய்’ என்று தூக்கிக் கொஞ்சுவதில் பெரும்பாலானவை அந்தக் காலத்தையொட்டி மனிதன் செய்து எடுத்தவை. நம் தெரு நாய் அதற்கெல்லாம் ரொம்ப முன்னாலிருந்தே சொந்த முகவரியோடு இருக்கிறது. கோம்பை ரத்தம் இருக்கலாம்; அந்த லேப் பட்டியலில் கோம்பை இல்லை. டீக்கடைக்காரர் கேஸ் மட்டும் இன்னும் பெண்டிங்.

வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் புரட்டினார்.

‘‘சீல் இல்லையே, தம்பி?’’

‘‘கம்ப்யூட்டர் ரிப்போர்ட், அண்ணே. சீல் வராது.’’

‘‘சரி, கடிக்குமா கடிக்காதான்னு எங்க போட்டிருக்கு?’’

அடித்தார் பாருங்கள் ஒரு கேள்வி! அது எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது. 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த பெரிய ஆய்வில், 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களைக் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவிகிதம்தான். இதை நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பினேன். பேரன் லீவுக்கு வந்திருந்தான் போல. படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு பன்னைப் பிய்த்து, ஒரு வாய் தனக்கு, ஒரு வாய் பூண்டுக்கு என்று கணக்காகப் பிரித்துக்கொண்டிருந்தான். பூண்டு தன் முறை வரும் வரை வாலை மட்டும் ஆட்டியது. அந்த மடிந்த காதை அவன் பிடித்து நிமிர்த்தி நிமிர்த்தி விட்டான். அது மறுபடி மடிந்தது.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ரிப்போர்ட்டை நாலாக மடித்து நண்பனிடம் கொடுத்தார். ‘‘பெரிய ஆள் இல்லாதப்ப ரெண்டையும் தனியா விடாதீங்க’’ என்றார். கெடு பற்றிப் பேச்சே இல்லை.

நாங்கள் கேட்டைத் தாண்டும்போது உள்ளேயிருந்து அக்கா, அவர் மனைவி, அவசரமாக ஓடி வந்தார்.

‘‘தம்பி, அந்தப் பேப்பரை யாருக்கும் காட்டிராதீங்க! பேரிக்கா பறிக்க ஏறிக் குதிக்கிற பசங்ககிட்ட நான் பிட்புல்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.’’